பழைய காலப் பாணியில் பூ அடுக்கிப் பார்த்த அனுபவம் உண்டா? சிலர் சொன்னவை:

17ஆம், 18ஆம் நூற்றாண்டு டச்சுப் பூ ஓவியங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். அப்படி ஒன்றை மேசைமேல் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். அச்சுப்படத்தைச் சுவரில் ஒட்டிப் பூவுக்குப் பூ தேடினால், துலிப் வசந்தத்தில் பூப்பது, ஹாலிஹாக் நடுக்கோடையில் பூப்பது. இரண்டும் ஒரே ஜாடியில் எப்படி? சரி, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கலாம் என்று படத்தில் உள்ளபடி பெரிய பூவை உச்சியில் செருகினேன். கழுத்தை மடக்கிக்கொண்டது. எல்லாப் பூவும் என்னையே பார்க்க வேண்டுமென்று திருப்பித் திருப்பி வைத்ததில், ஜாடியின் வாயில் காம்புகளுக்கு இடமில்லை. கடைசியில் ஜாடியே தண்ணீரோடு என் மடியில் கவிழ்ந்தது.

அப்புறம்தான் படித்தேன். அந்தப் பூக்கொத்துகளில் பலவும் எந்த மேசையிலும் இருந்தவை அல்ல. ஒவ்வொரு பூவையும் அதன் பருவத்தில் தனித்தனியே வரைந்துவைத்து, பிறகு ஓவியத்தில் சேர்த்திருக்கிறார்கள். யான் வான் ஹாய்சம் என்ற டச்சு ஓவியர் நிஜப் பூ கிடைக்கும்வரை காத்திருப்பாராம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவர் ஓவியம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. அதை நான் ஒரு மதியத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறேன்!

*

எனக்கு வாய்த்தது விக்டோரியா காலத்து டஸி மஸி. கைக்குள் அடங்கும் வட்டக் கொத்து. நடுவில் ஒரு பூ, சுற்றிலும் வளையம் வளையமாக மற்றவை, ஓரத்தில் லேஸ். கட்டுவது சுலபம், வம்பெல்லாம் அர்த்தத்தில்தான். 1819இல் பாரிஸில் சார்லட் டி லாத்தூர் என்ற புனைபெயரில் பூக்களின் மொழி பற்றி ஒரு நூல் வந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட அகராதிகள் குவிந்தன, ஆனால் ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்லாது. நட்புக்கு என்று நினைத்து மஞ்சள் ரோஜா வைத்துக் கொடுத்தேன். தோழி வைத்திருந்த புத்தகத்தில் அதற்குப் பொறாமை என்று போட்டிருந்தது. நல்லவேளை, சிரித்துவிட்டாள்.

*

ஜாடி கவிழ்ந்தவருக்கு: அகலத் தட்டும் கென்சானும் வாங்குங்கள். கென்சான் என்பது கனமான அடித்தட்டில் முள்முள்ளாக நிற்கும் பிடிமானம். காம்பை அதில் குத்தினால் நின்றுவிடும், பூ செருகும் பச்சை ஃபோம் தேவையில்லை. (அந்த ஃபோம் நுண்பிளாஸ்டிக்காக உதிரும், எனக்கு ஆகாது.) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் ஒஹாரா உன்ஷின் உருவாக்கிய மோரிபானா பாணி இது. அதற்கு முந்தைய ரிக்கா என்ற ஜப்பானியப் பூ அடுக்கும் பாணியில் உயரமும் கட்டுப்பாடும் அதிகம். மோரிபானாவிலோ அப்போது புதிதாக வந்த குட்டைக் காம்பு மேலைநாட்டுப் பூக்களுக்கும் இடம் கிடைத்தது.

இந்தப் பாணியைக் கற்க முதல் வகுப்புக்குப் பன்னிரண்டு காம்போடு போனேன். ஆசிரியர் ஒன்பதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். மிச்சம் மூன்று. தட்டைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து, அந்த ஒன்பதும் எங்கே என்றுகூட நான் கேட்கவில்லை.

*

ஜாடிக்காரன்தான் மறுபடியும். கென்சான் வாங்கியாயிற்று. மூன்று துலிப் நிற்கின்றன, நான்காவதைக் குத்தக் கை துறுதுறுக்கிறது.