பெரிய ஏரியில் எந்த மீன் எங்கே கடிக்கும்?

தினேஷ்: மாமா, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு தூண்டில் போடப் போகிறேன். பெரிய ஏரி. என்னென்ன மீன் மாட்டும்?

மாமா: கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, திலேப்பியா, கெளுத்தி, விரால், வாளை. இரையை எந்த ஆழத்தில் நிறுத்துகிறாய் என்பதைப் பொறுத்து ஆள் மாறும்.

அகிலா: பெரிய மீனெல்லாம் ஏரி நடுவே ஆழத்தில்தானே இருக்கும் அப்பா?

மாமா: வெயில் காலத்தில் அப்படி இல்லையம்மா. சூடான தண்ணீர் மேலேயே நின்றுவிடும், அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரோடு கலக்காது. அடியில் ஆக்ஸிஜன் குறைந்துபோனால் மீனுக்கு அங்கே என்ன வேலை? காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அங்கே உட்காருங்கள். மிதக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் ஒதுங்கும், பின்னாலேயே மீனும் வரும்.

தினேஷ்: எதிர்காற்றில் வீசுவது கஷ்டமாயிற்றே?

மாமா: ஈயக்குண்டைக் கொஞ்சம் கனமாகப் போடு.

மாமா: அப்புறம் மீனின் வாயைப் பார். கட்லாவுக்குத் தலை பெரிது, கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கியிருக்கும். அது மேல்தண்ணீர் மீன். ரோகுவின் உதட்டோரம் சுருக்கம் வைத்துத் தைத்த துணி போல இருக்கும், நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலுக்கு வாய் கீழ்ப்பக்கம், அடிமண்தான் அதற்கு. மாவு உருண்டை மூன்றுக்கும் ஒன்றே, தக்கையை ஏற்றி இறக்கினால் போதும்.

தினேஷ்: கெண்டை?

மாமா: வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும். தாடையில் பல்லே கிடையாது, தொண்டைக்குள்தான் பல். இரையை உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடும். தக்கை லேசாக ஆடியதுமே சுண்டாதே. சாய்ந்து நகர ஆரம்பிக்கட்டும்.

அத்தை: கெளுத்தி முள்ளைப் பற்றிச் சொல்லுங்கள். கூட வருகிறவர்கள் புதுசு.

மாமா: முக்கியம். முதுகில் ஒன்று, மார்புத் துடுப்புக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று முள். பயந்தால் மூன்றும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வெறும் கையால் அமுக்கக் கூடாது. ஈரத்துணியால் பிடித்து, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

மாமா: வாளைக்கு வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருக்கும். சாதா தூண்டில் நரம்பை அறுத்துவிடும், முன்னால் எஃகுக் கம்பி கட்ட வேண்டும். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் அது வேட்டைக்கு வரும்.

தினேஷ்: எனக்கு விரால்தான் வேண்டும் மாமா!

மாமா: கரையோரப் புல்லையும் தாமரை இலையையும் பார்த்துக்கொண்டு சும்மா நில். விரால் வெளிக்காற்றை வாங்க அடிக்கடி மேலே வரும். தண்ணீர் புளக்கென்று உடையும். அந்த இடத்துக்கு அப்பால் தவளை பொம்மையை வீசி மெதுவாக இழுத்துக்கொண்டு வா.

மாமா: ஆனால் ஒன்று. சிவப்புக் குஞ்சுகள் ஒரே கொத்தாக மேலே மொய்த்துக்கொண்டிருந்தால் அங்கே போடாதே. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் ஆவேசமாகப் பாயும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. எனக்கு அது மனசே ஆறாது.

தினேஷ்: அதுதான் எளிது என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். தடுத்துவிடுகிறேன்.

அகிலா: திலேப்பியா வாய்க்குள்ளேயே அடைகாக்குமாமே?

மாமா: ஆமாம், தாய் மீன். அந்தச் சமயத்தில் அது பெரும்பாலும் இரை தொடாது. மற்றபடி மண்புழுவுக்கு உடனே மாட்டும், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்ல மீன்.

மாமா: தினேஷ், ஏரியில் அனுமதி கேட்டாயா? கட்லாவும் ரோகுவும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது, அவற்றுக்கு ஓடும் வெள்ளம் வேண்டும். ஏரியில் இருப்பது பெரும்பாலும் யாரோ குஞ்சு விட்டு வளர்த்ததுதான்.

தினேஷ்: கேட்டுவிட்டோம் மாமா, கரையிலிருந்து தூண்டில் மட்டும் போடலாம் என்றார்கள். எஃகுக் கம்பி உங்களிடம் இருக்கிறதா?

மாமா: இருக்கிறது. குறடும் வைக்கிறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்.