கடன் தலைக்கு மேல் இருக்கையில் மத்தளம் வாசிக்கலாமா?

வரம்போரம் எழுதியது:
வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வயல் செய்பவன், வயது 52. கடந்த காலபோகத்தில் கதிர் முற்றிய நேரத்தில் பெய்த மழையில் மூன்று ஏக்கரும் சாய்ந்துவிட, உரத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. இரவில் பாயில் சரிந்ததும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன். எத்தனை முறை கூட்டினாலும் தொகை மாறுவதில்லை. இளவயதில் அப்பாவிடம் மத்தளம் பழகிக் கோவலன் கூத்துக்கு வாசித்தவன் நான். 2009 இடப்பெயர்வில் அந்த மத்தளத்தை வழியில் விட்டுவிட்டு வந்த பிறகு வேறொன்றைத் தொடவில்லை. வைகாசி நெருங்க, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் நாட்களை நினைக்கையில், மறுபடியும் வாசிக்க ஆசை வருகிறது. கடன் கொடுத்தவர் படலையில் நிற்கும்போது இது பொறுப்பற்ற செயலாகாதா?

குளக்கட்டு எழுதியது:
ஐயா, நான் கிளிநொச்சியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றுகிறேன். ஒரு சிக்கலைச் சிந்தித்துத் தீர்ப்பது வேறு, அதனையே அசைபோடுவது வேறு. பின்னையது செக்குமாடு போலச் சுற்றுமே தவிர எங்கும் போய்ச் சேராது. மனச்சோர்வை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லெவின்சன், சோர்ந்தவர் தமக்கு இன்பம் தந்தவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடுவதும், கைவிட்டதனாலேயே மேலும் சோர்வதும் ஒரு சுழலாகிவிடுவதைக் கவனித்து, அதனை அறுக்க உதவும் வகையில் 320 இன்பமான செயல்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைத் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து உருவாக்கினார். மனம் தெளியட்டும் என்று காத்திராமல் கை முதலில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதே அந்த வழி. தூக்கமின்மை தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லத் தயங்காதீர்கள்.

பாலையடி எழுதியது:
தம்பி, பழைய மகிழ்ச்சி எல்லாம் மருந்தாகிவிடாது. மீள்குடியேறிய பின்னர், அக்காவுடன் பாலைப்பழம் பொறுக்கிய காட்டுக்கு நான் தனியே போனேன். உதட்டில் ஒட்டும் அதே பால், அதே இனிப்பு; ஆனால் மிச்சப் பழத்தை யாருக்குக் கொண்டுபோவது என்று நினைத்ததும் அங்கேயே இருந்து அழுதுவிட்டேன். அடுத்த ஆண்டு அயல்வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் பழம் தொண்டைக்குள் இறங்கியது. ஆகவே வாசியுங்கள், ஆனால் தனியே வாசிக்காதீர்கள். கணக்கைப் பகலில் கொப்பியில் எழுதிப் பாருங்கள். அதற்கு இரவு உகந்த நேரமல்ல. பயிரழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தீர்களா?

வரம்போரம் எழுதியது:
பதிந்துவிட்டேன் அக்கா. நேற்று மாலை எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். அவருடைய மத்தளத்தின் வார் தளர்ந்து கிடந்தது. இருவருமாக இழுத்துக் கட்டவே நெடுநேரம் சென்றது. அரை மணித்தியாலத்தில் என் விரல் நுனிகள் கன்றிவிட்டன, தாளமும் இரண்டிடத்தில் தவறியது. அவரோ கண்களை மூடியபடியே "திரும்ப" என்று மட்டும் சொன்னார். இரவு படுத்தபோது கணக்கு வந்தது, ஆனால் நடுவில் அந்தத் தவறிய இடமும் வந்து குறுக்கிட்டது. வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்; அன்று வயலுக்குத் தண்ணீர் கட்டும் முறை என்னுடையது என்பதால் மகனிடம் கேட்டிருக்கிறேன்.