பங்குப்பேரவைக்கு வரச் சொல்றாங்க, சரின்னு சொல்லலாமா?

மண்டபம் நாட்டுப்படகு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பங்குல, அதாவது எங்க கத்தோலிக்கக் கோயில்ல, ஜனங்க சார்பா கோயில் காரியம் பேசுற பேரவைக்கு என்னைத் துணைத்தலைவரா வரச் சொல்றாங்க. பங்குச்சாமியும் (கோயில் பாதிரியார்) கூப்பிட்டுப் பேசினாரு. நான் கடலுக்குப் போறவன், கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல. விசைப்படகு, நாட்டுப்படகுன்னு ஊரே ரெண்டா நிக்குது. திருவிழாக் கணக்கை வாசிச்சு வருசமாச்சு. கேட்டா, "கோயில் காசுல சந்தேகமா?"ன்னு வாயை அடைச்சிடுறாங்க. கோயில் மேல பாசம் இருக்கு. அது போதுமா?

உபதேசியார் மகள்:
தம்பி, உங்களுக்குப் பக்கத்துலதான் வேதாளை. ராமேசுவரம் போற யாத்திரிகர்கிட்ட போர்த்துக்கீசியர் சுங்கம் பிடுங்கினதுல சண்டை மூண்டு, 1549-ல அங்க வடுகர் (தெலுங்கர்) படை இறங்குச்சு. அப்ப அங்க இருந்த அந்தோனியோ கிரிமினாலி சாமியைக் கப்பல்ல ஏறச் சொன்னாங்க. அவர் ஏறல. பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் ஏத்திவிட்டுக்கிட்டே கரையில நின்னவரை ஈட்டியால குத்திட்டாங்க. இயேசு சபைத் துறவிகள்ல விசுவாசத்துக்காக உயிரை விட்ட முதல் ஆள், முதல் மறைசாட்சி, அவர்தான். வம்பை இழுத்துவிட்டவங்க ஒருத்தங்க, ஜனங்களோட நின்னவர் வேற ஒருத்தர். பொறுப்புன்னா எனக்கு அவர் நின்ன இடம்தான்.

எங்கப்பாவும் பேச்சாளர் இல்ல. எங்க ஊர்ல கோயிலுக்குக் கட்டுற தலைக்கட்டு வரியைப் பாக்கி வச்ச வீட்டுல சாவு விழுந்தா கோயில் மணி அடிக்க விடமாட்டாங்க. அப்பா யாரையும் கேக்காம தானே போயி கயித்தைப் பிடிச்சு அடிப்பார். கமிட்டி கூப்பிட்டு விசாரிச்சப்ப, "பாக்கியை என் பேர்ல எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் ரெண்டு தரப்பும் வழக்குன்னா அப்பாவைத்தான் தேடி வந்தாங்க. உங்களுக்கும் அந்தப் பேர் வரணும்னா, முதல்ல வரி பாக்கிப் பட்டியலைக் கையில எடுங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகுக் கூலியாளுக்கு ஏது காசு? அந்த நேரத்துல வசூலுக்குப் போகாதீங்க.

தொண்டிக்காரன்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. 1983 திருச்சபைச் சட்டத்துல 537-ம் எண், ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம்னு சொல்லுது. ஜனங்க குடுத்த காணிக்கைக்கு ஜனங்களுக்கே கணக்குச் சொல்லணும்னு அதே சட்டத்துல 1287-ம் எண்ல இருக்கு. கணக்கு கேக்குறது சாமியை எதுக்குறது ஆகாது. ஆனா பேரவை ஆலோசனைதான் சொல்லலாம், தலைவர் பங்குச்சாமி. அதனால அவர்கிட்ட தனியா முதல்ல பேசிடுங்க.

மண்டபம் நாட்டுப்படகு:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஞாயிறு பூசை முடிஞ்சு சாமியைப் பாக்குறேன். நிதிக்குழுவுல விசைப்படகுக் கூலியாள் ஒருத்தரும் மீன் விக்கிற அக்கா ஒருத்தரும் வரணும், கொடியேத்தத்துக்கு முன்னாடியே போன வருசக் கணக்கை வாசிக்கணும். இது ரெண்டுக்கும் சரின்னா நானும் சரின்னு சொல்லப் போறேன்.