தும்பு போட்ட சீலிங்குக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, கூரையோ ஒழுகவில்லை

உப்புவெளியான்:
திருகோணமலை உப்புவெளியில் பழைய வீடு, தகரக் கூரை. படுக்கை அறைக்கு ஏசி பூட்டினோம், தகரத்துச் சூடு தாங்காமல் சீலிங்குக்கு மேல் 4 அங்குலத்துக்குத் தேங்காய்த் தும்பும் பரப்பினோம். கனடாவில் இருக்கும் மச்சான் “முதலில் பொலித்தீன் விரி, அதற்கு மேல்தான் தும்பு, இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்” என்றார், அப்படியே செய்தோம். இப்போது பொலித்தீன் முடியும் மூலையில் சீலிங் பலகை கறுத்துவிட்டது, அறைக்குள் நனைந்த சாக்கு மணம். ஆடி மாதம், ஒரு துளி மழை இல்லை! மேசன் ஏறிப் பார்த்து ஒழுக்கே இல்லை என்கிறார். நானே ஏறித் தும்பைக் கிளறினால் பொலித்தீனின் மேல் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். தும்பை எறிந்துவிட்டுக் கண்ணாடிப் பஞ்சு போடவா?

பனிக்குல்லா:
தம்பி, மச்சான் பொய் சொல்லவில்லை, ஊர்தான் மாறிவிட்டது. நானும் ரொறன்ரோவில்தான் இருக்கிறேன். இங்கே மாரியில் உள்ளே 21 பாகை, வெளியே சைபருக்குக் கீழே. சமையல், குளியல் ஆவியெல்லாம் உள்ளேயிருந்து வெளியே போகப் பார்க்கும், அதைச் சூடான பக்கத்திலேயே மறிக்கத்தான் உள்பக்கம் பொலித்தீன். உங்களுக்குச் சூடும் ஈரமும் வெளியே, குளிர் உள்ளே. வெளியே 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 25 பாகைக்குக் குளிர்ந்த எதிலும் அந்தக் காற்று வேர்க்கும். ஏசியை 20இல் விட்டால் பொலித்தீன் குளிர்ந்து, ஐஸ் போட்ட கிளாஸ் மாதிரித்தான் ஆகும். கண்ணாடிப் பஞ்சு போட்டாலும் இதே கதைதான். தும்பாவது கொஞ்ச ஈரத்தைக் குடித்துப் பிறகு விடும், பஞ்சு அதையும் செய்யாது.

கைமரம்:
மேலே சொன்னது சரி, ஆனால் ஓட்டைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பலகைக்குள்ளால் ஊறி வரும் ஆவியை விட, இடுக்கால் காற்றோடு வரும் ஈரம் பல மடங்கு. சுவரும் சீலிங்கும் சேரும் இடம், லைட்டுக்கு வெட்டிய துளை, வயர் இறங்கும் துளை எல்லாவற்றையும் சிலிக்கனால் அடையுங்கள். பொலித்தீனைக் கட்டாயம் உருவி எடுங்கள். தும்பை முற்றத்தில் பரப்பிக் கச்சான் காற்றில் நன்றாகக் காயவிட்டு, கறையானுக்கு வெண்காரக் கரைசல் தெளித்து, திரும்பவும் காய்ந்த பிறகு ஏற்றுங்கள். அதற்கு மேல், ஈரம் வரும் பக்கத்திலேயே ஆவியை மறிக்கும் ஆவித்தடையாக அலுமினியத் தாள், பொருத்துகளுக்கு ஒட்டுநாடா, ஓரங்களைச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். மார்கழி இரவில் தகரத்தின் அடியில் வேர்த்துச் சொட்டுவதையும் அதுவே தாங்கும். சீலிங்கின் அடிப்பக்கத்துக்கு எண்ணெய்ப் பெயின்ற் அடிக்க வேண்டாம், மிஞ்சும் ஈரம் அறைப் பக்கமாகக் காயட்டும். ஏசி இல்லாத அறைகளுக்கு இந்தப் பாடு ஒன்றும் தேவையில்லை, முகட்டில் காற்றோட்டம் இருந்தால் போதும். எங்கள் அம்மம்மாவின் கிடுகு வீட்டில் ஆவித்தடையைப் பற்றி யார் யோசித்தது!

நிலாவெளி மருமகள்:
ஜெர்மனியில் ஈரத்துக்கு ஏற்ப ஆவியை விட்டும் மறித்தும் மாறுகிற தாள் வைக்கிறார்களாம், அதை எடுப்பிக்கலாமா?

பனிக்குல்லா:
காசுக்குக் கேடு, அக்கா. அது மாரியில் வெளியேயும் கோடையில் உள்ளேயும் ஆவி திசை மாறுகிற ஊருக்கு. திருகோணமலையில் ஏசி அறைக்கு வருடம் முழுக்க வெளியிலிருந்து உள்ளேதான்.

உப்புவெளியான்:
பொலித்தீனை எடுத்தாயிற்று. தும்பு முற்றத்தில் காய்கிறது, பக்கத்து வீட்டு மாமி மெத்தை தைக்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஏசியை 26இல் வைத்து ஃபேனும் போடச் சொன்னால்தான் மகனோடு சண்டை. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.