ஒப்டோ, எஃப்இடி, விசிஏ, வேரி-மியூ: குரலுக்கு எது, மிருதங்கத்துக்கு எது?

செங்காங் சுருதி:
வணக்கம். தங்கை பாட, நான் மிருதங்கம் வாசித்து, வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறையிலேயே பதிவு செய்கிறோம். மென்பொருளோடு ஒப்டோ, எஃப்இடி, விசிஏ, வேரி-மியூ என்று நாலு வகை கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) வந்திருக்கிறது. தங்கையின் கீழ் ஸ்தாயி காதில் விழவில்லை, தார ஸ்தாயி காதைத் துளைக்கிறது. 1176 என்ற பழைய கம்ப்ரஸர் மாதிரி ஒன்றை மிருதங்கத்தில் போட்டால் 'நம்' என்கிற அடி மழுங்கிப்போகிறது. நாலும் ஒலியை அடக்குகிற வேலையைத்தானே செய்கின்றன?

ஈசூன் மிக்ஸர்:
தம்பி, வேலை ஒன்றுதான். எதை வைத்து அடக்குகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். நாம் பார்க்க வேண்டியது அந்த வேகத்தை.

ஒப்டோவுக்குள் ஒரு விளக்கும் வெளிச்சத்தை உணரும் மின்தடையும் இருக்கும். குரல் ஓங்கினால் விளக்கு பிரகாசமாகும், ஒலி அடங்கும். எல்ஏ-2ஏ இதில் பேர்போனது. பிடிக்கச் சுமார் 10 மில்லிசெகண்ட். விடும்போது பாதியைச் சுமார் 60 மில்லிசெகண்டில் விட்டுவிட்டு, மீதியை ஆற அமர விடும். கார்வை நிறைந்த குரலுக்கு இதைத்தான் நான் முதலில் எடுப்பேன். தார ஸ்தாயியில், எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் முள் 3, 4 டெசிபல் இறங்கினால் போதும். பிறகு கெயினை (மொத்த ஒலியளவை) ஏற்றுங்கள், கீழ் ஸ்தாயி தானே மேலே வரும்.

1176 எஃப்இடி (ஒருவகை டிரான்சிஸ்டர்) வகை, பில் புட்னம் 1967இல் கொண்டுவந்தது. அட்டாக் (பிடிக்கிற நேரம்) 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 வரைதான். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டை எட்டாது! விரல் தோலில் படுகிற அந்த முதல் சத்தத்தையே அமுக்கிவிடும், உங்கள் 'நம்' போவது அங்கேதான். இன்னொரு வில்லங்கம்: அதில் அட்டாக் திருகை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மெதுவாக்குவதாக நினைத்து வலப்பக்கம் திருப்பியிருக்கிறீர்களா, பாருங்கள்.

மிருதங்கத்துக்கு விசிஏ (மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கி) போடுங்கள். அட்டாக் 20-30 மில்லிசெகண்ட், ரேஷியோ (எல்லையைத் தாண்டும் சத்தத்தை எந்த விகிதத்தில் குறைப்பது) 3க்கு 1. அடுத்த சொல் விழுவதற்குள் முள் திரும்பி வரும்படி ரிலீஸ் (விடுகிற நேரம்).

செங்காங் சுருதி:
வலப்பக்கம் முழுக்கத்தான் இருந்தது அண்ணே! இப்போது 'நம்' திரும்பிவிட்டது. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு விசிஏ வழியாக அனுப்பினால், ஒவ்வொரு 'தொம்'முக்கும் தங்கையின் குரல் அமுங்கி எழுகிறது.

தொப்பி தட்டி:
தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கனத்த ஒலிதான் கம்ப்ரஸரை உசுப்புகிறது. சைட்செயினில் (கம்ப்ரஸர் சத்தத்தை அளக்கும் தனி வழி) ஹை-பாஸ் ஃபில்டர் (கனத்த ஒலியை வடிகட்டுவது) இருக்கும். 120 ஹெர்ட்ஸ் போல வைத்து, அங்கிருந்து ஏற்றி இறக்கிக் கேளுங்கள். ஒலி அப்படியே இருக்கும், கம்ப்ரஸரின் காதுக்கு மட்டும் 'தொம்' குறைவாகப் போகும்.

இரண்டையும் சேர்த்து அனுப்பும் அந்த இடத்தில் வேரி-மியூவையும் போட்டுப் பாருங்கள். அது வால்வு ரகம், சத்தம் கூடக்கூட ரேஷியோவும் தானாகக் கூடும். பழைய ஃபேர்சைல்டு 670இல் 20 வால்வுகள், எடை ஏறக்குறைய 30 கிலோ. நம் வீவக அறையில் அதை வைத்தால் நாம் வெளியே நிற்க வேண்டியதுதான், மென்பொருள் பிளக்-இன்னே உத்தமம்.

ஈசூன் அண்ணனோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். மிருதங்கத்துக்குக் கம்ப்ரஸரே வேண்டாம். மைக்கை ஒரு சாண் பின்னால் தள்ளிவைத்துப் பதிவு செய்தாலே பாதிக் குதிப்பு அடங்கிவிடும்.

ஈசூன் மிக்ஸர்:
கச்சேரி மண்டபத்தில் சரி. படுக்கையறையில் மைக்கைத் தள்ளினால் சுவர் எதிரொலியும் ஏசி இரைச்சலும் சேர்ந்து வரும். தம்பி, ஏசியை அணைத்துவிட்டு இரண்டு விதமாகவும் எடுங்கள். ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள், சத்தமாக இருப்பதெல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். துண்டுகளை இங்கே போடுங்கள்.