அப்பாவின் அரூப ஓவியங்கள்: எல்லாமே ‘தலைப்பில்லை’ என்றால் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா நாற்பது வருடங்களுக்கு மேல் அரூப ஓவியங்கள் மட்டுமே வரைந்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். வீட்டில் இருப்பவற்றை எண்ணிவிட்டேன்: கேன்வாஸில் 212, காகிதத்தில் 340. விற்றவையும் நண்பர்களுக்குக் கொடுத்தவையும் தனி. அத்தனையையும் படத்தோடு ஒரே பட்டியலில் கொண்டுவர வேண்டும். கேட்டலாக் ரெசோனே என்பார்களே, அப்படி.

தொடங்கி மூன்றே நாளில் திணறிவிட்டேன். அப்பா எதற்கும் தலைப்பு வைத்ததில்லை. அதனால் நானே ‘நீலம், நடுவே சிவப்புக் கோடு’ என்று அடையாளம் எழுதிக்கொண்டு போனேன். பரணிலிருந்து இறக்க இறக்க, அதே நீலம், அதே சிவப்புக் கோடு என்று ஏழு வந்துவிட்டன. பாதிக்கு மேல் தேதி இல்லை. இன்னொன்று, சிறுவயதிலிருந்து நான் கூடத்தில் பார்த்து வளர்ந்த பெரிய படம், ஒரு பழைய புகைப்படத்தில் அப்பாவுக்குப் பின்னால் தலைகீழாக இருக்கிறது. எது சரி என்று கேட்க அவர் இல்லை.

எண் எப்படிக் கொடுப்பது? தேதி இல்லாதவற்றை எங்கே வைப்பது? எந்தப் பக்கம் மேல் என்று எப்படி முடிவு செய்வது?

பதில் 1

என் ஆசிரியரின் ஓவியங்களை ஆறு வருடம் உட்கார்ந்து பட்டியலிட்டவன் நான். உங்கள் ஏழு நீலங்களைப் படித்ததும் என்னுடைய பதினொரு சாம்பல் படங்கள் நினைவுக்கு வந்தன.

முதலில் வர்ணனையைக் கைவிடுங்கள். நிலக்காட்சி என்றால் ‘ஆற்றங்கரை, இரண்டு படகு’ என்று எழுதினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அரூப ஓவியத்துக்கு அது உதவாது. படத்தைத் திருப்புங்கள். முதுகில்தான் எல்லாம் இருக்கிறது: கையெழுத்து, அம்புக்குறி, கண்காட்சிச் சீட்டு, அழித்து எழுதிய தேதி. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை வரைந்த சதுர ஓவியங்களின் பின்புறத்தில், எந்த வண்ணம், எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று வரிசையாக எழுதிவைத்தார். எல்லோரும் அவ்வளவு எழுத மாட்டார்கள். ஆனால் பின்பக்கம் ஒன்றுமே சொல்லாத படத்தை நான் பார்த்ததில்லை. ஒரு சாம்பல் படத்தில் எழுத்தே கிடையாது. என் ஆசிரியர் கேன்வாஸை ஆணி அடித்து இழுத்திருந்தார். மற்ற பத்தில் ஸ்டேப்ளர் பின். அவர் எப்போது ஸ்டேப்ளருக்கு மாறினார் என்பது தேதி போட்ட வேறு படங்களிலிருந்து தெரிந்தது. அந்த ஒன்றும் அதற்கு முந்தையது என்று அப்படித்தான் பிடித்தேன்.

அடுத்து அளவு. உயரம் முதலில், அகலம் பிறகு, மில்லிமீட்டர் வரை. மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். கையால் செய்த சட்டம் நேராக இருக்காது, அந்தக் கோணலே அந்தப் படத்தின் அடையாளம். உங்கள் ஏழு நீலமும் அளவில் பிரிந்துவிடும், நம்பி அளந்து பாருங்கள்.

எண் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வருடத்தையும் எண்ணுக்குள் வைத்தேன். இரண்டாம் வருடம் ஒரு கடிதம் கிடைத்தது, பதினாறு படங்களின் தேதி மாறியது, கூடவே எண்களும் மாறின. பழைய எண்ணில் அனுப்பிய புகைப்படங்கள் எல்லாம் வீணாயின. ஓவியர் பால் க்ளே 1911இலிருந்து தானே நோட்டுப் போட்டு வருடமும் வரிசை எண்ணும் எழுதினார். வரைந்தவரே எழுதியதால் அது நின்றது. நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் கைக்கு வந்த வரிசையில் 1, 2, 3 என்று கொடுத்துவிடுங்கள். ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள். படம் போலி என்று பின்னால் தெரிந்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். தேதிக்குத் தனிக் கட்டம், பக்கத்திலேயே ‘எதை வைத்துச் சொல்கிறோம்’ என்று இன்னொரு கட்டம். ‘சுமார் 1985, ஆணி, அதே துணிச்சுருள்’ என்று எழுதுங்கள். படத்தின் மேல் எண் எழுத வேண்டாம், துணியில் ஒட்டுச்சீட்டும் வேண்டாம். பின்சட்டத்து மரத்தில் மெல்லிய பென்சிலில் போதும்.

மேல், கீழ் பற்றி: அரூப ஓவியர் மோண்ட்ரியன் வண்ண ஒட்டுநாடாக்களால் 1941இல் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்குகிறது என்று 2022இல் அது இருக்கும் ஜெர்மானிய அருங்காட்சியகம் சொன்னது. அதற்கும் ஒரு சாட்சி, 1944இல் அவருடைய அறையில் எடுத்த புகைப்படம்தான். ஆனாலும் திருப்பி மாட்டவில்லை, நாடாக்கள் கழன்றுவிடும் என்று பயந்தார்கள். உங்கள் புகைப்படமும் நல்ல சாட்சி, ஆனால் முடிந்த தீர்ப்பு அல்ல. வரையும்போது கேன்வாஸைச் சுற்றிச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. வண்ணம் வழிந்த திசையும் வரையும்போது எப்படி நின்றது என்பதை மட்டுமே காட்டும்.

பதில் 2

படம் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம், மூன்றும் கட்டாயம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஷாட்டிலாவது, நிறத்தை ஒப்பிட உதவும் வண்ண அட்டையை ஓரத்தில் வையுங்கள். அரூப ஓவியத்தில் நிறம் ஒரு சாயல் மாறினால் படமே வேறாகிவிடும். அப்புறம், பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்து ஒன்று எடுங்கள், தூரிகைத் தடமும் அடியில் மறைந்த பழைய கோடும் எழுந்து நிற்கும்.

நிறம் மங்குவதற்கு முன் எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓவியர் ரோத்கோ அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த படங்கள் ஒரு சான்று. ஒரு சிவப்பு நிறமி வெயிலில் வெளுத்துப்போனது. 1964இல் எடுத்த வண்ணப் புகைப்படங்களும் மங்கியிருந்தன, அவற்றைச் சரிசெய்துதான் பழைய நிறத்தைக் கண்டார்கள். 2014இல் அந்த நிறத்தை ஒளியாக ஓவியங்களின் மேல் பாய்ச்சிக் காட்டினார்கள்.

கேட்டவர்

இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கூடத்துப் படத்தை இப்போதுதான் முதன்முதலாக இறக்கினேன். சட்டத்தின் மேல்மரத்தில் பென்சிலில் ஒரு அம்பு, அதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார். கீழ்மரத்தில் எதிர்த்திசையில் இன்னொரு அம்பு, பேனாவில், பக்கத்தில் தேதி: 1991. நான் பிறந்து நான்கு வருடம் கழித்து. அந்தப் புகைப்படம் எந்த வருடம் என்று தெரியவில்லை. பட்டியலில் எந்த அம்பைப் போடுவது?

பதில் 1

இரண்டையும். அடித்த அம்பையும் அடித்ததாகவே பதியுங்கள், பின்புறத்தை அப்படியே ஒரு படம் எடுத்துச் சேருங்கள். 1991இல் திருப்பினார் என்பதே அவர் எடுத்த முடிவு, அதை அச்சில் ‘மேல்’ என்று காட்டுங்கள். புகைப்படத்தில் உங்கள் அப்பா கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதை எப்போது வாங்கினார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும்.