தண்ணீரைப் பிரித்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

டர்பன்வாசி

மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துப் பார்த்தவர்கள் நம்மில் சிலராவது இருப்போம். ஆய்வுக்கூடமோ பள்ளிக்கூடமோ ஆலையோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். முதலில் நான்.

மதுரையிலிருந்து இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு, ஆராய்ச்சிக்கு வந்தவன். எனக்குக் கிடைத்தது நிக்கல் ஆக்சைடு. தகட்டின் மேல் அதை மெல்லிய படலமாக ஏற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலில் நேர்மின்வாயாக நிறுத்தி, ஆக்சிஜன் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அளக்க வேண்டும். பேரும் புகழும் ஹைட்ரஜனுக்கு. பாடுபடுவதெல்லாம் ஆக்சிஜன் பக்கம். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உண்டாக இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிடமிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கியாக வேண்டும். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நிஜத்தில் அதற்கு மேல் கொடுத்தால்தான் குமிழி வரும். அந்தக் கூடுதல் செலவைக் குறைப்பதற்குத்தான் வினையூக்கி.

மார்ச் மாதம் அருமையான அளவுகள் வந்தன. ஏப்ரலில் அதே படலம், அதே கருவி, ஆனால் மின்னோட்டம் ஏற மறுத்தது. தகட்டைத் தேய்த்தேன், கம்பிகளை மாற்றினேன், மூன்று வாரம் தூக்கம் கெட்டது. ஒரு மாலை அலமாரியில் பழைய காரப் புட்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேபிளைப் படித்தேன். பழையது விலை மலிவு, அதில் இரும்பு கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் அவ்வளவுதான்!

சரிபார்த்தேன். நிக்கல் ஹைட்ராக்சைடு என்ற பச்சைப் பொடியைக் கரைசலில் போட்டுக் குலுக்கி வைத்தால், கரைசலில் இருக்கும் இரும்பை அது இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்ததைப் பிளாஸ்டிக் புட்டியில் இறுத்தேன், கண்ணாடியிலிருந்தும் இரும்பு இறங்கும் என்பதால். அந்தக் கரைசலில் என் படலம் சோர்ந்து கிடந்தது. பிறகு இரும்பு உப்பு ஒரு துளி விட்டேன். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்தது, அதாவது குறைந்த மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜன் வரத் தொடங்கியது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பார்த்தேன். காரிகன் என்ற ஆய்வாளர் இதை 1987-லேயே எழுதியிருக்கிறார். முதல் வாரமே அதைப் படித்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கரைசலைச் சந்தேகப்படாமல் படலத்தைப் புகழாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

தம்பி, நான் இங்கேயே பிறந்தவள். எங்க ஆயாவோட தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர். கிரேடு ஒன்பதுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு பையன் வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர், ரெண்டு எவர்சில்வர் ஸ்பூன், சமையல் உப்பு, 9 வோல்ட் பேட்டரி கொண்டுவந்தான். குமிழி நல்லா வந்தது, வகுப்பே கை தட்டியது. அஞ்சு நிமிஷத்துல தண்ணி மஞ்சளாகி, அப்புறம் காவியா கலங்கிப்போச்சு. நீச்சல் குளத்து வாடை. ஜன்னலையெல்லாம் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்பிட்டேன். உப்பு போட்டா ஆக்சிஜனோட குளோரினும் வரும். எவர்சில்வரிலிருந்து குரோமியம் கரையும், அது விஷமாவும் இருக்கலாம். அந்தத் தண்ணியைத் தொட்டியில கொட்டாம மூடி போட்டு எடுத்துவெச்சு, ரசாயனக் கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுத்தேன். தப்பு அவன் மேல இல்ல, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

இப்ப வாஷிங் சோடாவும் நிக்கல் துண்டும்தான். ஒரு குழாயில ரெண்டு பங்கு, இன்னொண்ணுல ஒரு பங்கு வாயு சேரும். ரெண்டு பங்கு இருக்கிற குழாய் வாயில எரியுற குச்சியைக் காட்டினா 'பொப்'புன்னு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைங்க காத்திருக்கும்.

ஒரு சந்தேகம். பெரிய ஆலையில தண்ணியைப் பிரிக்க, காரக் கரைசலுக்குப் பதிலா அமிலச் சவ்வு வெச்ச கருவி இருக்காமே, அதுல நிக்கலைப் போட முடியாதா?

ரஸ்டன்பர்க்

பிளாட்டினம் சுத்திகரிக்கிற இடத்துல வேலை. அந்த அமிலக் கருவிகளுக்கு நேர்மின்வாயில இரிடியம் ஆக்சைடுதான் போடுறாங்க. இரிடியத்துக்குன்னு தனிச் சுரங்கம் எங்கேயும் கிடையாது. பிளாட்டினத்தோட ஒட்டிக்கிட்டு வரும். உலகத்துக்கே வருஷத்துக்கு ஏழெட்டு டன்தான், அதுல ஐந்தில் நாலு பங்கு நம்ம நாட்டு மண்ணிலிருந்து. முதல் தடவை சாம்பல் நிறப் பொடி இருந்த சின்ன டப்பாவைத் தூக்கினேன், கை அப்படியே கீழே இறங்கிப்போச்சு. அத்தனை கனம்.

டர்பன்வாசி

டீச்சரம்மா, அமிலத்தில் நிக்கல் ஆக்சைடு கரைந்துபோகும். அத்தனை மின்னழுத்தத்தில் நேர்மின்வாயில் எந்த உலோகத்தை வைத்தாலும் மேற்பரப்பு ஆக்சைடாக மாறிவிடும். அந்த ஆக்சைடு தாங்குமா என்பதுதான் கேள்வி. ருத்தேனியம் ஆக்சைடு இரிடியத்தைவிட வேகமானது, ஆனால் சீக்கிரம் அரித்துப்போகிறது. இரிடியம் நிற்கிறது. ரஸ்டன்பர்க் அண்ணன் சொன்ன அளவுதான் பயமுறுத்துகிறது: ஒரு கிகாவாட் (ஆயிரம் மெகாவாட்) மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு இன்றைய நிலையில் சுமார் 400 கிலோ இரிடியம் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். ஏழெட்டு டன்னை வைத்து எத்தனை தூரம் போக முடியும்? காரக் கரைசலில் நிக்கலும் இரும்பும் போதும் என்பதால்தான் நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

என்னிடம் நிக்கல் வலை மிச்சம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் பக்கம் வருகிறேன், வகுப்புக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.